குண்டைச் சுற்றிய கடதாசி

திருக்கோணமலைக் கோட்டையின் வாயிலைக் கடந்து கோணேசப் பெருமானைத் தரிசிக்கச் செல்வோர், வழியிற் கிடக்கும் பழைய பீரங்கிகளைக் கண்டு சற்றே நிற்பதுண்டு. சிறுவர்கள் அவற்றின் மேலேறி விளையாடுவர். பெரியவர்கள் பறங்கியரையும் ஒல்லாந்தரையும் ஆங்கிலேயரையும் நினைந்து ஒரு சொல் சொல்லி அப்பாற் செல்வர். பீரங்கி இரும்பினாலானது, ஆதலால் அது நிலைத்து நின்று தன் கதையைத் தானே சொல்லுகிறது. ஆனால் அம்மதிலின்மேல் இரவும் பகலும் காவல் நின்ற போர்வீரனின் உயிர் பீரங்கியை மட்டும் நம்பி இருந்ததன்று. அவன் தோளிற் சார்த்தியிருந்த துவக்கையும், இடுப்புப் பையில் அடுக்கி வைத்திருந்த சிறு கடதாசிச் சுருள்களையும் நம்பியே அது இருந்தது. கடதாசி எரிந்து போயிற்று, நனைந்து போயிற்று, காற்றோடு போயிற்று. ஆகவே அதன் கதையை நாம்தான் தேடிச் சொல்லவேண்டியிருக்கிறது.

சொற்களிலிருந்தே தொடங்கலாம். துவக்கு என்னும் சொல் துருக்கி மொழியிற் பிறந்து பல நாடுகளைச் சுற்றி ஈழத்தை அடைந்தது என்பர். தமிழர் துவக்கு என்பதைச் சிங்கள மக்கள் துவக்குவ என்கின்றனர். கடதாசி என்பதும் அத்தகையதே. சிங்களத்திலும் அது கடதாசிதான். திருக்கோணமலைக் காவற்படையிற் பணிபுரிந்த மலாய் வீரர்கள் அதனைக் கெர்த்தாஸ் என்றனர். அதன் வேர் அரபு மொழியிலுள்ளது. தோட்டா என்பது உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆங்கிலேயர் தோட்டாவைக் குறிக்க வழங்கும் காட்றிட்ஜ் என்ற சொல்லோ, பிரெஞ்சு மொழியினூடாக இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் கடதாசிச் சுருள் என்பதேயாகும். பித்தளையால் ஆன தோட்டாவைக் கையில் வைத்திருக்கும் இக்காலத்தவனும், தான் அறியாமலே, கடதாசியின் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

திருக்கோணமலைத் துறைமுகம் பல கொடிகளைக் கண்டது. 1624 இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டு மட்டுமே போதும், இத்துறைமுகத்துக்கு இருந்த கேள்வியை விளக்குவதற்கு. அவ்வாண்டு சனவரியில் ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் அதனை ஒல்லாந்தரிடமிருந்து பறித்தார். ஓகஸ்ட் மாத இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுவ்ரேன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். எட்டு மாதங்களுள் மூன்று கொடிகள்! பின்னர் சமாதானத்தின்படி ஒல்லாந்தர் மீண்டும் வந்தனர். 1795 ஓகஸ்ட் 26 இல் கேணல் ஸ்ருவேட்டின் படையினரிடம் கோட்டையை ஒப்படைத்துவிட்டு நீங்கினர். சில நாட்களில் துறைமுக வாயிலிலுள்ள ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் பணிந்தது.

இம்முற்றுகைகள் நிகழ்ந்த காலத்தில் ஆங்கிலப் போர்வீரன் ஏந்தியது சக்கிமுக்கிக் கல் பொருத்திய மஸ்கெற் துவக்கு. அதன் குழல் உட்புறம் வழவழப்பானது. முக்கால் அங்குல விட்டமுடையது. அதனுள் இடப்படும் ஈயக்குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலந்தான். குழலுக்குப் பொருந்தாத குண்டை ஏன் வார்த்தனர் என்று கேட்கத் தோன்றும். வெடிமருந்து எரிந்தபின் அதிற் பாதிக்கு மேல் புகையாகவும் கரியாகவும் மிஞ்சுகிறது. அக்கசடு குழலின் உட்சுவரிற் படிகிறது. பத்துப் பன்னிரண்டு முறை சுட்டபின், சரியாகப் பொருந்தும் குண்டு உள்ளே இறங்காது. எதிரி மதிலேறி வரும்போது குழலைக் கழுவிக்கொண்டிருக்க இயலுமா? ஆகவே குண்டைச் சிறிதாக வார்த்து, இடைவெளியைக் கடதாசியால் நிரப்பினர்.

கடதாசிக் குழாய் ஒன்றில் முதலிற் குண்டு, அதன்மேல் அளந்த வெடிமருந்து, பின் முறுக்கிய நுனி, அதுவே தோட்டா. வீரன் முறுக்கிய நுனியைப் பல்லாற் கடித்துக் கிழிப்பான். சிறிது மருந்தைத் துவக்கின் பக்கத்திலுள்ள கிண்ணியில் இடுவான். மிகுதியைக் குழலின் வாயிற் கொட்டுவான். குண்டையும் கடதாசியையும் சேர்த்தே கோலினால் இடித்து இறக்குவான். பயின்ற வீரன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடுவான். மேல்வாயிலும் கீழ்வாயிலும் நேருக்கு நேர் பல் இல்லாதவன் படைக்குத் தகுதியற்றவன் என்று தள்ளப்பட்டான். வெடியுப்பு நாவிற் பட்டுப் பட்டு வாய் வறண்டு தாகம் மிகும். போர்க்களத்தில் காயத்தினால் மட்டுமன்றித் தோட்டாவைக் கடித்ததனாலும் வீரர் தண்ணீருக்குத் தவித்தனர்.

கடதாசிக்குப் பகை நீர். திருக்கோணமலையோ முப்புறமும் கடல் சூழ்ந்த மலைமுனை. ஐப்பசி தொடங்கினால் வாடைக்காற்றும் பெருமழையும் தை வரை விடுவதில்லை. வெடிமருந்து காற்றிலுள்ள ஈரத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் இயல்பினது. மருந்தறைகளைத் தடித்த சுவரோடு கட்டியதற்கு எதிரியின் குண்டு மட்டுமா காரணம்? உப்புக்காற்றும் ஓர் எதிரியே.

அந்த ஈரத்துள் நடந்த ஒரு பயணம் இலங்கைப் போர் வரலாற்றில் நிலைத்து நிற்கிறது. 1804 ஆம் ஆண்டு, ஆளுநர் பிரெட்றிக் நோர்த் ஆட்சிக் காலம். கண்டி இராச்சியத்தைப் பல திசைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் தாக்குவதென்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. கைவிடப்பட்ட செய்தி மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரனுக்குத் தெளிவாகச் சென்றடையவில்லை. அவர் ஏறத்தாழ முந்நூறு வீரரோடு புறப்பட்டுக் காட்டையும் மலையையும் கடந்து ஒக்டோபர் மாத முற்பகுதியில் கண்டி நகரை அடைந்தார். வேறெந்தப் படையும் வந்து சேரவில்லை. சில நாள் காத்திருந்து, தாம் தனித்து நிற்பதை உணர்ந்து, திருக்கோணமலையை நோக்கிப் பின்வாங்கினார். வழியெல்லாம் கண்டிப் படையினர் மரங்களின் மறைவிலிருந்து சுட்டனர். மழையிலே மகாவலியைக் கடந்து, காய்ச்சலிலும் பசியிலும் ஆட்களை இழந்து, அம்மாதப் பிற்பகுதியில் எஞ்சியோர் திருக்கோணமலையை அடைந்தனர். ஜோன்ஸ்ரன் தமது அனுபவத்தை 1810 இல் நூலாக வெளியிட்டார்.

மழையிற் சக்கிமுக்கித் துவக்கு பாதி உயிர் போனது போன்றது. கிண்ணியிலுள்ள மருந்து நனைந்தால் பொறி பிடிக்காது. பையிலுள்ள கடதாசி நனைந்தால் மருந்து களியாகிவிடும். இவ்வாறான வழியிலே நடப்பவனுக்குத் தன் தோட்டாப்பை தலையினும் பெரிது. மறைந்திருந்து சுட்ட கண்டி வீரனுக்கும் அதே மழைதான். ஆயினும் அவன் தன் நாட்டிலே நின்றான், ஒதுங்க இடமறிந்தவன். அவன் வெடிமருந்துக்கும் அயலாரை முற்றாக நம்பியிருக்கவில்லை. மலைக்குகைகளின் மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கும் தொழில் மலைநாட்டில் நெடுங்காலம் இருந்தது. தும்பறைப் பகுதியின் மேமுரே என்னும் ஊருக்கு அண்மையில் உள்ள அத்தகைய குகையொன்றைப் பற்றி, 1821 இல் வெளியான தமது நூலில் வைத்தியர் ஜோன் டேவி எழுதியிருக்கிறார். விஞ்ஞானி ஹம்பிறி டேவியின் தம்பியாகிய அவருக்கு, பாறையிலே உப்புப் பூக்கும் விந்தை கண்ணிற் படாமற் போகுமா?

இதுவரை சொல்லப்பட்ட கடதாசி, மருந்துக்குப் பையாகவும் குண்டுக்கு அடைப்பாகவும் இருந்ததேயன்றி, குண்டின் போக்கைச் செம்மைப்படுத்தவில்லை. மஸ்கெற் துவக்கினால் நூறு யாருக்கு அப்பால் ஒருவனைக் குறிபார்த்து வீழ்த்துவது பெரிதும் தற்செயலே. குழலின் உட்சுவரிலே திருகுச் சுரைபோலச் சுற்றிச் செல்லும் வரிகளை வெட்டினால், குண்டு பம்பரம்போற் சுழன்றுகொண்டு நேராகச் செல்லும் என்பது பன்னெடுங்காலம் முன்னரே தெரிந்திருந்தது. அத்தகைய துவக்கே றைபிள். ஆனால் வரிகளைப் பற்றிக்கொள்ள வேண்டுமானால் குண்டு இறுக்கமாகப் பொருந்தவேண்டும். இறுக்கமாகப் பொருந்தினால் வாய்வழியே இறக்குவது கடினம். இம்முரண்பாட்டை 1849 இல் பிரெஞ்சு அதிகாரி மினியே பெரிதும் தீர்த்தார். அவரது குண்டு உருண்டையன்று. நீண்டது, அடியிற் குழிவுடையது. இறக்கும்போது எளிதாக இறங்கும்; வெடித்தவுடன் அடியிலிருந்து எழும் ஆவி குழிவை விரித்து, ஈயத்தை வரிகளிற் பதித்துவிடும்.

1853 இல் ஆங்கிலேயர் மேற்கொண்ட என்பீல்ட் றைபிள் இக்கொள்கையில் அமைந்தது. அதன் குழல் 0.577 அங்குலம், முதலில் வார்த்த குண்டு 0.568 அங்குலம். இடையிலே கிடந்த ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்பது பங்கை நிரப்பியது நெய்ப்பு ஊட்டிய கடதாசி. குண்டு கடதாசியோடே குழலுள் இறங்கும். நெய்ப்பு கசட்டை இளக்கி அடுத்த குண்டுக்கு வழிசெய்யும். குண்டைச் சுற்றிய பகுதியிற் சிறு கீறல்கள் இடப்பட்டிருந்தமையால், குழலின் வாயைக் கடந்ததும் கடதாசி கிழிந்து குண்டை விட்டு நீங்கும். கைவினை என்ற அளவில் இது நேர்த்தியான வேலை. இலண்டனுக்கு அண்மையிலுள்ள வூல்விச் தொழிற்சாலையிலே சிறுவர்கள் மேசைகளைச் சுற்றியிருந்து இத்தோட்டாக்களைச் சுருட்டினர்.

எல்லாவற்றையும் அளந்தவர்கள் ஒன்றை மட்டும் அளக்கவில்லை. நெய்ப்பு எதனால் ஆயது, அதனைக் கடிக்கப்போகிறவன் எவன் என்பதே அது. கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த அந்நெய்ப்பிற் கொழுப்பே மிகுதி. மாட்டுக்கொழுப்பாயின் இந்து வீரன் கடிப்பானா? பன்றிக்கொழுப்பாயின் முஸ்லிம் வீரன் கடிப்பானா? 1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னுமிடத்திலே இவ்வச்சம் வாய்வழி பரவியது. நெய்ப்பை வீரரே தம் விருப்பப்படி இட்டுக்கொள்ளலாம் என்றனர். பல்லாற் கடியாமற் கையாற் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையையே மாற்றினர். பயன் விளையவில்லை. மீரத் நகரிலே ஏப்ரல் 24 இல் குதிரைப்படையினர் எண்பத்தைவர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்கு நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. புதிய நெய்ப்புத் தடவியவை அல்ல. ஆயினும் அதற்குள் கடதாசியின் பளபளப்பே ஐயத்துக்கு உரியதாகிவிட்டது. மே 10 ஆம் நாள் மீரத்தில் தீ மூண்டது.

அதனை அறியாமை என்று எழுதிய ஆங்கில ஆசிரியர் பலர். அக்கூற்று நியாயமன்று. நெய்ப்பில் என்ன கலந்திருந்தது என்பதை நிச்சயமாகச் சொல்ல அதிகாரிகளாலேயே முதலில் இயலவில்லை. சொல்ல இயலாதவனை நம்பாதவன் அறிவிலி ஆவானா? அந்தப் போருக்கு நிலவரியும் நாடுகளின் இணைப்பும் படைவீரரின் மனக்குறைகளும் எனக் காரணங்கள் பல. ஆனால் அவை அனைத்தும் வந்து ஒடுங்கிய இடம் ஒரு விரல் நீளக் கடதாசி.

இலங்கை அந்நெருப்பிலிருந்து விலகி நின்றது. எனினும் அதன் வெப்பம் இங்கும் பட்டது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் தம்மிடமிருந்த ஐரோப்பியப் படையினரைத் தாமதமின்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். இங்கிருந்து சென்ற 37 ஆம் படைப்பிரிவினரிற் பலர், யூலை மாத இறுதியில் ஆரா நகரை மீட்கச் சென்ற கப்டன் டன்பாரின் அணியிலே இருந்து, இருட்டிலே பதுங்கியிருந்தோரின் துவக்குகளுக்கு இரையாயினர். தீவைக் காக்க எஞ்சியவர்களுள் இலங்கை றைபிள் படையினர் முதன்மையானவர். மலாய் வீரர் மிகுதியாக இருந்த அப்படை 1873 இற் கலைக்கப்படும்வரை இத்தீவின் காவலைச் சுமந்தது. அவர்களும் முஸ்லிம்களே, கலகம் எதுவும் எழவில்லை.

இனிக் கடதாசியின் பொற்காலம் ஒன்றைச் சொல்லவேண்டும். 1871 இல் மாட்டினி-ஹென்றி என்னும் றைபிள் ஆங்கிலப் படைக்கு வந்தது. சுவிற்சலாந்திலே தொழில் நடத்திய மாட்டினி அதன் பூட்டை அமைத்தார். எடின்பரோ நகரத் துவக்குத் தொழிலாளர் ஹென்றி அதன் குழலை அமைத்தார். பின்புறமாகத் திறந்து ஒரு தோட்டாவை இட்டுச் சுட்டு, மீண்டும் திறந்து மற்றொன்றை இடுவது அதன் முறை. காலாட்படை மட்டுமன்றிக் கடற்படையும் அதனை ஏந்தியது. கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளமாகிய திருக்கோணமலைத் துறைமுகத்திலே நங்கூரமிட்ட கப்பல்களுக்கு அது அயலானதன்று. இப்போது மருந்தைச் சுமக்க மெல்லிய பித்தளைத் தகட்டுக் கூடு வந்துவிட்டது. பல்லாற் கடிக்கும் வேலை ஒழிந்தது. ஆயினும் கடதாசி ஒழியவில்லை. கூட்டைவிட்டு நீங்கிக் குண்டின் உடம்போடு ஒட்டிக்கொண்டது.

ஏன்? 480 கிறெயின் நிறையுள்ள நீண்ட ஈயக்குண்டை 85 கிறெயின் மருந்து உந்தித் தள்ளுகிறது. 7000 கிறெயின் ஓர் இறாத்தல் என்று கொண்டால், ஓர் இறாத்தலுக்கு அத்தகைய குண்டு பதினான்கே. மென்மையான ஈயம் அத்தனை விசையோடு இரும்பில் உராய்ந்தால், குழலெங்கும் ஈயம் பூசியது போலாகிவிடும். வரிகள் தூர்ந்து குறி தவறும். ஆகவே முதலாவதாக, பன்னிரண்டு பங்கு ஈயத்தோடு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து குண்டைச் சிறிது கடினமாக்கினர். இரண்டாவதாக, ஈயம் இரும்பைத் தொடாதவாறு இடையிலே கடதாசிச் சட்டை அணிவித்தனர்.

இச்சட்டையைத் தைப்பதில் தையற்காரனின் நுட்பம் வேண்டும். குழல் 0.450 அங்குலம், குண்டை அதனினும் சிறிது மெலிதாக வார்க்கவேண்டும். கடதாசி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு தடிப்புடையது என்று கொள்வோம். அதனை இருமுறை சுற்றினால் விட்டம் எவ்வளவு கூடும்? நான்கு பங்கு என்று சொல்பவர் தவறுவர். ஒரு பக்கத்தில் இரண்டு மடிப்பு, எதிர்ப்பக்கத்தில் இரண்டு மடிப்பு. ஆகவே எட்டுப் பங்கு கூடும். இக்கணக்கைப் பிழைத்தவன் வார்த்த குண்டு, ஒன்றிற் குழலில் ஆடும், அல்லது தோட்டா உள்ளே செல்லாது.

துண்டைச் சதுரமாக வெட்டக்கூடாது. இரு முனைகளும் சாய்வாக அமைய வெட்டவேண்டும். சுற்றி முடிக்கையில் அம்முனைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கவேண்டுமேயன்றி ஒன்றன்மேல் ஒன்று ஏறலாகாது, இடைவெளியும் விடலாகாது. 0.445 அங்குலக் குண்டை இருமுறை சுற்ற ஏறத்தாழ 2.8 அங்குல நீளம் வேண்டும். மயிரளவு கூடினாலும் ஒரு பக்கம் தடித்து, குண்டு குழலின் நடுவச்சிலிருந்து விலகிவிடும். கடதாசியும் கந்தலிலிருந்து செய்த உரமான கடதாசியாக இருத்தல் நலம். களிமண் பூசி மினுக்கிய கடதாசி குழலைத் தேய்க்கும். அதனை நீரில் நனைத்து, தளர்ந்திருக்கும்போதே குண்டின்மேல் இழுத்துச் சுற்றுவர். காயும்போது அது சுருங்கி, தோல்போல் இறுகிவிடும். அடியில் மிஞ்சிய பகுதியை முறுக்குவர், அல்லது குண்டின் அடிக்குழிவுள் மடித்து அமுக்குவர். எத்திசையிற் சுற்றுவது, குழல்வரியின் திசையிலா எதிர்த்திசையிலா என்பதில் வல்லுநரிடையே இன்றளவும் வழக்குத் தீரவில்லை. குண்டின் பின்னே மருந்துக்கும் அதற்கும் இடையில் தேன்மெழுகு வில்லையொன்று வைக்கப்பட்டது. கொழுப்புக்கு இருந்த இடத்தைத் தேனீ பெற்றது.

சுட்டவுடன் நிகழ்வது இன்னும் வியப்பானது. விசை தாக்கிய கணத்தில் ஈயம் சற்றே பருத்துக் கடதாசியை வரிகளுள் அழுத்தும். வரியின் விளிம்புகள் கடதாசியை நீளவாக்கிற் கீறும். குழலின் வாயை விட்டதும், சுழற்சியின் விசையால் அது நார்நாராகப் பிரிந்து சிதறவேண்டும். ஒரு துண்டேனும் ஒட்டிக்கொண்டு போனால் குண்டு தடுமாறும். குழலுள்ளே கிழியாமலும், வெளியே வந்ததும் ஒட்டாமலும் இருக்கவேண்டிய இரட்டைக் கடமை அத்துண்டுக் கடதாசிக்கு. வெப்பமான நாட்டிலே குழற்கசடு காய்ந்து ஓடுபோல் இறுகிவிடும். அதன்மேல் வரும் அடுத்த கடதாசி உள்ளேயே கிழியும். ஆகவே குறிச்சுடுவோர் ஒவ்வொரு முறையும் குழலைத் துடைப்பர். அல்லது பின்புறத்திலிருந்து வாயால் ஊதித் தம் மூச்சின் ஈரத்தைக் குழலுக்குக் கொடுப்பர். வாடைக்கால மழைக்கு அஞ்சிய பழைய கடதாசித் தோட்டாவோடு ஒப்பிட்டால், ஈரத்தை வேண்டி நிற்கும் இக்குண்டு நேர்மாறானது.

இப்பெருமை இருபது ஆண்டுகளுக்குள் முடிந்தது. 1888 இல் வந்த லீ-மெற்போட் றைபிள் 0.303 அங்குலக் குழலுடையது. குண்டின் வேகம் மிகுந்தது. செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தாற் குண்டுக்கு உறை இட்டனர். ஆங்கிலேயர் அதனையும் சட்டை என்றே அழைத்தனர். மென்மையான ஈயம் மனித உடலில் ஏற்படுத்திய பெருங்காயத்தை உறையிட்ட சிறு குண்டு ஏற்படுத்தவில்லை என்று சிலர் குறைப்பட, உறையின் நுனியைத் திறந்துவிட்ட குண்டு 1890 களில் டம்டம் தொழிற்சாலையிலிருந்து வந்தது. கடதாசியின் பெயரால் முதற்புகை எழுந்த அதே டம்டம்! விரியும் அக்குண்டுகளை 1899 இல் ஹேக் மாநாடு விலக்கிற்று. 1905 இல் திருக்கோணமலைக் கடற்படைத் தளத்தை மூடியபோது பேரரசின் முறைமைப் படைகள் லீ-என்பீல்டுக்கு மாறிவிட்டிருந்தன.

பழைய துவக்குகளைப் பேணிச் சுடும் ஆர்வலர் இன்று பல நாடுகளில் உள்ளனர். அவர்கள் சுட்டு முடித்ததும் இலக்கை நோக்கி ஓடுவதில்லை. முதலில் துவக்கின் வாய்க்கு முன்னே சில யார் தூரத்திலே குனிந்து, தரையிற் சிதறிய கடதாசித் துணுக்குகளைப் பொறுக்குகின்றனர். வரிகளின் அகலத்துக்குச் சீராகக் கீறப்பட்டிருந்தால் மகிழ்கின்றனர். கருகியிருந்தாலோ முரடாகக் கிழிந்திருந்தாலோ, வீட்டுக்குச் சென்று மீண்டும் கடதாசி வெட்டத் தொடங்குகின்றனர்.